அதிகப் புள்ளி எடுத்த அணி ஏன் கடைசி இடத்தில்? ஃபேன்டஸி பேஸ்பால் தரவரிசையின் கணக்கு

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் பருவம் பாதியைத் தாண்டும் ஜூலை மாதத்தில், ஏறக்குறைய எல்லா ஃபேன்டஸி லீக்கிலும் ஒரே புகார் எழுகிறது. ஓர் அணி மொத்தப் புள்ளிகளில் முதலிடத்தில் இருக்கும். வெற்றி தோல்விப் பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் கிடக்கும். இன்னோர் அணி சுமாராகவே ஆடியிருக்கும்; பிளே-ஆஃப் இடத்தை உறுதி செய்துவிட்டிருக்கும். யார் எந்த வாரம் யாரோடு மோதுவது என்ற அட்டவணை நியாயமில்லை என்று ஒரு தரப்பு சொல்லும். எல்லாரும் எல்லாரோடும் சம எண்ணிக்கையில்தானே மோதுகிறோம், இதில் அநியாயம் எங்கே வந்தது என்று மறுதரப்பு கேட்கும்.

இரண்டாவது தரப்பின் வாதம் கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அது தவறு. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, இந்த விளையாட்டின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆட்டம் எப்படி நடக்கிறது

ஃபேன்டஸி பேஸ்பாலில் பத்து, பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் அமைக்கிறார்கள். பருவம் தொடங்கும் முன் டிராஃப்ட் நடத்தி, உண்மையான மேஜர் லீக் வீரர்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் எடுக்கும் ரன், ஹோம் ரன், ஸ்ட்ரைக்அவுட் எல்லாம் ஃபேன்டஸி அணியின் கணக்கில் சேரும். இந்தியாவில் பரவலான ஃபேன்டஸி கிரிக்கெட்டில் ஒரே ஒரு போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஆறு மாதம், ஒரே அணியைப் பராமரிக்க வேண்டும்.

இதில் அடிப்படையில் இரண்டு வகை உண்டு.

1. ரோட்டிசெரி முறை. டேனியல் ஓக்ரென்ட் என்பவரும் நண்பர்களும் 1980-இல் நியூயார்க்கில் தொடங்கியது. அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரே முறைக்கும் ஒட்டிக்கொண்டது. பருவம் முழுவதற்குமான மொத்தத்தை வைத்து, ஒவ்வொரு புள்ளிவிவரப் பிரிவிலும் அணிகள் வரிசைப்படுத்தப்படும். பன்னிரண்டு அணிகள் இருந்தால் முதலிடத்துக்கு 12, கடைசிக்கு 1. அந்தப் புள்ளிகளின் கூட்டலே தரவரிசை. வாராந்தர எதிரணி என்று யாரும் இல்லை. எனவே அட்டவணையும் இல்லை.

2. நேருக்கு நேர் முறை. ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு ஓர் எதிரணி ஒதுக்கப்படும். திங்கள் முதல் ஞாயிறு வரை யார் அதிகப் புள்ளி சேர்த்தார்களோ அவர்களுக்கு வெற்றி. வெற்றி தோல்வி எண்ணிக்கைதான் தரவரிசை. கடைசிச் சில வாரங்கள் பிளே-ஆஃப்.

அட்டவணைச் சண்டை முழுவதும் இரண்டாவது வகைக்குரியது.

நான்கு அணிகள், மூன்று வாரங்கள்

பன்னிரண்டு அணிகளை வைத்து விளக்கினால் எண்களில் மூழ்கிவிடுவோம். நான்கு அணிகள் கொண்ட ஒரு கற்பனை லீக் போதும்: கழுகு, சிறுத்தை, யானை, முதலை. மூன்று வாரங்களில் ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றையும் தலா ஒரு முறை சந்திக்கிறது. எண்ணிக்கையில் இதைவிடச் சமமான அட்டவணை போட முடியாது.

முதல் வாரம்:
- சிறுத்தை 320, கழுகு 310. சிறுத்தைக்கு வெற்றி.
- யானை 250, முதலை 240. யானைக்கு வெற்றி.

இரண்டாம் வாரம்:
- யானை 285, கழுகு 280. யானைக்கு வெற்றி.
- சிறுத்தை 330, முதலை 260. சிறுத்தைக்கு வெற்றி.

மூன்றாம் வாரம்:
- முதலை 325, கழுகு 315. முதலைக்கு வெற்றி.
- யானை 245, சிறுத்தை 235. யானைக்கு வெற்றி.

முடிவில் யானை மூன்றிலும் வென்று முதலிடம். கழுகு மூன்றிலும் தோற்றுக் கடைசி இடம். இப்போது மொத்தப் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள்: கழுகு 905, சிறுத்தை 885, முதலை 825, யானை 780. லீக்கிலேயே அதிகம் சேர்த்த அணி கடைசியில் நிற்கிறது. மிகக் குறைவாகச் சேர்த்த அணி முதலில் நிற்கிறது.

இனி ஒரே ஒரு மாற்றம் செய்வோம். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதைத் தொட வேண்டாம். யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதையும் மாற்ற வேண்டாம். மோதல்களின் வரிசையை மட்டும் மாற்றுவோம். இரண்டாம் வாரத்துக்குரிய ஜோடிகள் முதல் வாரத்தில் ஆடட்டும், மூன்றாம் வாரத்துக்குரியவை இரண்டாம் வாரத்தில், முதல் வாரத்துக்குரியவை கடைசியில்.

முதல் வாரம் கழுகு 310, யானை 250. இரண்டாம் வாரம் கழுகு 280, முதலை 260. மூன்றாம் வாரம் கழுகு 315, சிறுத்தை 235. கழுகு மூன்றிலும் வெற்றி. யானையோ கழுகிடமும், சிறுத்தையிடமும் (285-க்கு 330), முதலையிடமும் (245-க்கு 325) வரிசையாகத் தோற்கிறது. பட்டியலின் உச்சியும் அடியும் அப்படியே இடம் மாறிவிட்டன. சிறுத்தைக்கும் முதலைக்கும் எந்த மாற்றமும் இல்லை. முன்போலவே இரண்டு வெற்றி, ஒரு வெற்றி.

எல்லாரும் எல்லாரோடும் சமமாக மோதினால் நியாயம் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. நேருக்கு நேர் லீக்கில் முக்கியம், யாரோடு மோதினீர்கள் என்பதைவிட எந்த வாரத்தில் மோதினீர்கள் என்பதே. மூன்று வார மோதல்களை மொத்தம் 6 விதமாக வரிசைப்படுத்தலாம். அந்த ஆறிலும் கழுகுக்குக் கிடைக்கும் வெற்றிகள் 0, 2, 1, 3, 2, 2. ஒரே ஆட்டம், நான்கு வேறு தலைவிதிகள்.

எதிரணியைத் தடுக்க வழியில்லாத விளையாட்டு

உண்மையான பேஸ்பாலில் எதிரணி எத்தனை ரன் எடுக்கிறது என்பதில் பந்தெறியும் உங்கள் பிட்சருக்கும் ஃபீல்டர்களுக்கும் பங்குண்டு. ஃபேன்டஸியில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. உங்கள் எதிரணியின் முதல் பேஸ்காரர் டென்வரில் மூன்று ஹோம் ரன் அடித்தால், அதைத் தடுக்க நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எனவே உங்களுக்கு எதிராகச் சேர்ந்த புள்ளிகள் என்ற எண் உங்கள் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது அட்டவணையின் பதிவு மட்டுமே.

இந்த இடத்தில் நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களே சறுக்குவதைப் பார்க்கிறேன். பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய பித்தாகரஸ் சூத்திரம் புகழ்பெற்றது: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் விட்டுக்கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டலால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். உண்மையான அணிகளுக்கு இது வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. அதே சூத்திரத்தைச் சிலர் ஃபேன்டஸி தரவரிசைக்கும் கொண்டுவருகிறார்கள்.

நம் லீக்கில் போட்டுப் பார்ப்போம். கழுகு எடுத்தது 905, எதிராகச் சேர்ந்தது 930, விகிதம் 0.486. யானை எடுத்தது 780, எதிராகச் சேர்ந்தது 755, விகிதம் 0.516. அதிர்ஷ்டத்தை நீக்க வந்த சூத்திரம் அதே அதிர்ஷ்டத்தை இரண்டாம் முறை எண்ணி, யானையைக் கழுகுக்கு மேலே வைத்துவிடுகிறது. விட்டுக்கொடுத்த ரன் என்பது ஓர் அணியின் பந்துவீச்சைக் காட்டும்போதுதான் சூத்திரத்துக்குப் பொருள் உண்டு. ஃபேன்டஸியில் அந்த எண்ணே பொருளற்றது. இதை ஃபேன்டஸி தரவரிசையில் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அனைவரோடும் மோதும் கணக்கு

அப்படியானால் எதைப் பயன்படுத்துவது? ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் அணியும் லீக்கில் உள்ள மற்ற எல்லா அணிகளோடும் மோதியதாக வைத்துக்கொள்வதுதான் வழி. பன்னிரண்டு அணி லீக்கில் அந்த வாரம் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு 11 வெற்றி, 0 தோல்வி. இரண்டாவது இடத்தவருக்கு 10 வெற்றி, 1 தோல்வி. இப்படி 22 வாரம் கூட்டினால் ஓர் அணிக்கு 242 மோதல்கள் சேரும். அட்டவணையின் செல்வாக்கு முற்றிலும் கரைந்துவிடும்.

நம் நான்கு அணிகளுக்கு இந்தக் கணக்கு:

- சிறுத்தை: 6 வெற்றி, 3 தோல்வி
- கழுகு: 5 வெற்றி, 4 தோல்வி
- யானை: 4 வெற்றி, 5 தோல்வி
- முதலை: 3 வெற்றி, 6 தோல்வி

இதை வாரத்துக்கு ஒரு போட்டி என்ற அளவுக்குச் சுருக்க 3-ஆல் வகுத்தால், எதிர்பார்க்கத்தக்க வெற்றிகள் கிடைக்கும். கழுகுக்கு 1.67, உண்மையில் கிடைத்தது 0. யானைக்கு 1.33, கிடைத்தது 3. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவதே அட்டவணை தந்த அல்லது பறித்த வெற்றிகள்: யானைக்கு 1.67 கூடுதல், கழுகுக்கு 1.67 குறைவு. சிறுத்தையும் முதலையும் தமக்குரியதைச் சரியாகவே பெற்றிருக்கின்றன. மேலே சொன்ன ஆறு வரிசைகளில் கழுகின் வெற்றிகளுக்குச் சராசரி எடுத்தாலும் அதே 1.67 வருவதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே கேள்விக்கான விடைதான்.

மொத்தப் புள்ளியில் முதலில் இருந்த கழுகு இங்கே இரண்டாவது இடம். மூன்றாவதாக இருந்த முதலை நான்காவது. மூன்றாம் வாரம் முதலை எடுத்த 325 அதன் மொத்தத்தைத் தூக்கிக் காட்டியது. மற்ற இரு வாரங்களிலும் அதுதான் கடைசி. ஒரே வாரத்துப் பெருவெள்ளத்தை மொத்தப் புள்ளி முழுதாக எண்ணும், அனைவரோடும் மோதும் கணக்கு அந்த வாரத்தோடு நிறுத்திவிடும். வாரந்தோறும் வெல்வதே நோக்கம் என்ற லீக்கில் இரண்டாவதே பொருத்தமான அளவுகோல்.

ஒரு முழுப் பருவத்தில் இந்தத் தள்ளல் எவ்வளவு இருக்கும்? பன்னிரண்டு அணிகளில் எந்த வாரமும் எந்த இடமும் வரக்கூடிய ஒரு நடுத்தர அணியை எடுத்துக்கொண்டால், நிகழ்தகவுக் கணக்குப்படி 22 வாரங்களில் அட்டவணையின் வரிசை மட்டுமே சுமார் 2 வெற்றிகள் மேலே அல்லது கீழே தள்ளுவது சாதாரணம். பதினொன்று வெல்ல வேண்டிய அணி ஒன்பதில் நிற்பதும் பதின்மூன்றில் நிற்பதும் விதிவிலக்கு இல்லை. ஆறாவது இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் இடையே ஒரு வெற்றிதான் வித்தியாசம் என்ற நிலையில், பிளே-ஆஃப் வாசலில் நிற்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

அட்டவணை உண்மையாகவே கோணலாகும் இடங்கள்

இதுவரை சொன்னது தற்செயல். எவரும் தவறு செய்யாமலே நேர்வது. இனி வருபவை வேறு வகை: அமைப்பிலேயே உள்ள சாய்வுகள்.

1. வாரங்கள் சரியாக வகுபடாமை. பன்னிரண்டு அணிகளுக்கு 22 வாரம் கச்சிதம். 11 எதிரணிகளோடு தலா இரண்டு முறை. பத்து அணி லீக்கில் அதே 22 வாரம் என்றால், 4 எதிரணிகளை மூன்று முறை சந்திக்க வேண்டும். பதினான்கு அணி என்றால், 4 எதிரணிகளை ஒரு முறைதான் சந்திக்க முடியும். அந்த நான்கு யார் என்பது சீட்டு விழுந்தபடி. ஐபிஎல்லில் பத்து அணிகளும் தலா 14 லீக் போட்டி ஆடும்போது, ஐந்து அணிகளை இரண்டு முறையும் நான்கு அணிகளை ஒரு முறையும் சந்திப்பது இதே சிக்கல்தான்.

2. டிவிஷன்கள். லீக்கை மூன்று டிவிஷனாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வெற்றியாளருக்கும் பிளே-ஆஃப் இடம் தந்தால், பலவீனமான டிவிஷனில் விழுந்தவருக்கு வரம். உண்மையான மேஜர் லீக்கே இதற்குச் சாட்சி. 2005-இல் சான் டியாகோ பேட்ரஸ் 82 வெற்றியோடு தன் டிவிஷனை வென்று பிளே-ஆஃப் போனது. மேஜர் லீக்கின் அதே பாதியான நேஷனல் லீக்கில் 88 வென்ற பிலடெல்பியா பில்லீஸ் வீட்டில் இருந்தது. 2021-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 107 வென்றதால், அதே டிவிஷனில் 106 வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டிவிஷனை வெல்லாத அணிகளுக்கான ஒற்றை வைல்ட் கார்டு ஆட்டத்தில் உயிர் பிழைக்க வேண்டியிருந்தது. 88 வென்ற அட்லாண்டா பிரேவ்ஸ் டிவிஷன் சாம்பியன் என்ற தகுதியில் நேராக அடுத்த சுற்றுக்குப் போய், கடைசியில் உலகத் தொடரையும் வென்றது. 2023 முதல் மேஜர் லீக் தன் அட்டவணையைச் சமன் நோக்கி நகர்த்தியது. டிவிஷன் எதிரி ஒவ்வொருவரோடும் 19 ஆட்டம் என்றிருந்தது 13 ஆகக் குறைந்தது. எல்லா அணியும் மற்ற 29 அணிகளையும் சந்திக்கும் நிலை வந்தது. ஆயிரக்கணக்கான மைல் பயணச் செலவு உள்ள நிறுவனங்களே டிவிஷனின் பிடியைத் தளர்த்தும்போது, பயணமே இல்லாத ஃபேன்டஸி லீக்கில் டிவிஷன் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.

3. வாரத்தின் நீளம். மேஜர் லீக் அணி ஒரு வாரத்தில் 5 ஆட்டமும் ஆடலாம், 7-ம் ஆடலாம். ஐந்து பிட்சர் சுழற்சியில் திங்கள் அல்லது செவ்வாய் எறிபவருக்கு அந்த வார இறுதியில் இரண்டாம் வாய்ப்பும் கிடைக்கும். ஜூலை நடுவில் நட்சத்திர வீரர்களின் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கான இடைவெளி வருவதால், பல லீக்குகள் அதை அடுத்த வாரத்தோடு இணைத்து ஒரே மோதலாக ஆக்குகின்றன. இவை பெரும்பாலும் எல்லாருக்கும் மாறி மாறி வருபவை. இதைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

4. கைவிடப்பட்ட அணி. எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். பட்டியலின் அடியில் இருப்பவர் ஆகஸ்டில் ஆர்வம் இழந்து, காயமடைந்தவர்களைக்கூட மாற்றாமல் அணியை அப்படியே விட்டுவிடுகிறார். மே மாதத்தில் அவரோடு மோதியவர் ஓர் உயிருள்ள அணியோடு மோதினார். ஆகஸ்டில் மோதுபவருக்கு வெற்றி இலவசம். இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. மற்றவர்களின் ஆறு மாத உழைப்பை ஒருவரது அலட்சியம் தீர்மானிக்கிறது.

பிரிவுவாரி லீக்கில் ஒரு திருத்தம்

நேருக்கு நேர் லீக்குகள் பலவற்றில் மொத்தப் புள்ளிக்குப் பதில் பத்துப் பிரிவுகளில் மோதுவார்கள். பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், அடித்து வரவழைத்த ரன், திருடிய பேஸ், சராசரி. பந்துவீச்சில் வெற்றி, சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பது), ஸ்ட்ரைக்அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி, ஓர் இன்னிங்ஸுக்குப் பேஸ் ஏறவிட்டவர்களின் சராசரி. வாரத்தை 6-4 என்று முடித்தால் 6 வெற்றியும் 4 தோல்வியும் கணக்கில் சேரும் லீக்குகளில் அட்டவணை அதிர்ஷ்டம் கணிசமாகக் குறைகிறது. 6-4 வெற்றியையும் 10-0 வெற்றியையும் ஒரே ஒரு வெற்றியாக எண்ணும் லீக்குகளில் அது முழு வீச்சில் நிற்கிறது.

இங்கே எதிரணிக்கும் உங்களுக்கும் சிறிது தொடர்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு சராசரிப் பிரிவுகளில் முன்னிலையில் இருப்பவர், ஞாயிறு எறிய வேண்டிய தன் பிட்சரைப் பெஞ்சில் உட்காரவைத்து முன்னிலையைக் காப்பாற்றலாம். எதிரணி வேறாக இருந்திருந்தால் அவரை எறியவிட்டிருப்பார். ஆகவே பிரிவுவாரி லீக்கில் அனைவரோடும் மோதும் கணக்கு ஒரு நல்ல மதிப்பீடுதான். புள்ளி லீக்கில் போல அப்பழுக்கற்ற அளவு அல்ல.

என்ன செய்யலாம்

அட்டவணையை எப்படிக் கலைத்துப் போட்டாலும் தற்செயல் போகாது என்பதை ஆறு வரிசைகள் காட்டிவிட்டன. மாற்ற வேண்டியது தரவரிசை விதியை.

1. அனைவரோடும் மோதும் கணக்கை வாரந்தோறும் பட்டியலின் பக்கத்தில் வெளியிடுங்கள். செலவு இல்லை, விதி மாற்றமும் இல்லை. புகார்களில் எது நியாயம், எது வெறும் புலம்பல் என்பது எல்லாருக்கும் தெரியும். கழுகின் குறை உண்மை. முதலைக்குக் குறை சொல்ல இடமில்லை.

2. வாரம் ஒரு கூடுதல் வெற்றி. அந்த வாரம் லீக்கின் மேல்பாதியில் வந்த ஒவ்வோர் அணிக்கும் ஒரு வெற்றி, கீழ்ப்பாதிக்கு ஒரு தோல்வி, வழக்கமான மோதலின் முடிவோடு சேர்த்து. நம் லீக்கில் இதைச் செய்தால் சிறுத்தையும் யானையும் 4-2. கழுகும் முதலையும் 2-4. கோணல் முழுதாகப் போகவில்லை. ஆனால் எதிரணியின் செல்வாக்கு பாதியாகிவிட்டது. அதிக ரகளை இல்லாமல் ஒரு லீக் ஏற்கக்கூடிய சிறந்த சீர்திருத்தம் இதுவே என்று நினைக்கிறேன்.

3. கடைசிப் பிளே-ஆஃப் இடம் புள்ளிக்கு. ஆறு இடங்களில் ஐந்தை வெற்றி தோல்விப்படி கொடுத்து, ஆறாவதை மீதி அணிகளில் அதிக மொத்தப் புள்ளி எடுத்தவருக்குத் தரலாம். கழுகு போன்றவர்களுக்கு இது உயிர்மூச்சு.

4. வாரம் இரண்டு எதிரணிகள். மோதல்கள் 44 ஆகும்போது தற்செயலின் பங்கு சுருங்கும். பதினொரு எதிரணிகள் வரை கொண்டுபோனால் அதுவே அனைவரோடும் மோதும் கணக்கு. அத்தனை தூரம் போகப் பெரும்பாலான லீக்குகள் விரும்புவதில்லை. அதில் நியாயமும் உண்டு: ஞாயிறு இரவு ஒரே ஒரு நண்பரின் பெயர் எதிரே இருப்பதற்காகத்தான் பலரும் ரோட்டிசெரியை விட்டு இந்த முறைக்கு வந்தார்கள்.

5. கைவிடும் அணிக்குத் தண்டனை. வாரம் இத்தனை இன்னிங்ஸ் எறிய வேண்டும் என்ற கட்டாயமும், தொடர்ந்து தவறினால் அடுத்த ஆண்டு டிராஃப்டில் பின்னுக்குத் தள்ளும் விதியும் இருந்தால் போதும்.

இவை எல்லாம் டிராஃப்டுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஜூலையில் விதியை மாற்றினால், யார் பயனடைகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாக்களிப்பதாகிவிடும். அது அட்டவணையைவிடப் பெரிய அநியாயம்.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு விதி சமநிலை முறிப்பு. வெற்றிகள் சமமானால் நேரடி மோதலில் வென்றவர் மேலே என்று பெரும்பாலும் எழுதிவைக்கிறார்கள். இரண்டாம் வழியில் 4-2 என்று சமநிலையில் நிற்கும் சிறுத்தைக்கும் யானைக்கும் இதைப் பொருத்தினால் யானைக்கு முதலிடம். மூன்றாம் வாரம் அது 245-க்கு 235 என்று வென்றதல்லவா. அந்த வாரம் லீக்கிலேயே மிகக் குறைவாக எடுத்த இரண்டு அணிகள் அவை. அனைவரோடும் மோதும் கணக்கையோ மொத்தப் புள்ளியையோ முதல் விதியாக வைத்தால், 6-3 என்றும் 885 என்றும் நிற்கும் சிறுத்தை, 4-5 என்றும் 780 என்றும் நிற்கும் யானையைத் தாண்டி முதலிடம் பெறும்.